மிக்கேல் நாளில் அவித்த கோதுமை

அண்ணனின் தொடையில் குண்டு இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அதை எடுக்க ஓர் ஆள் வீட்டுக்குள் வரவேண்டும், ஒரு மணி நேரமாவது இருக்கவேண்டும், அவன் ஏன் வந்தான் என்று ஒருத்தரும் யோசிக்கக் கூடாது. 1942 நவம்பரில், ஜெர்மன்காரர்கள் பிடித்துவைத்திருந்த பெல்கிரேடில், சூபுரா பேட்டையின் ஒண்டுக்குடித்தன முற்றத்தில் இது நடக்கிற காரியமா? யார் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை தடவை கதவு திறந்தது என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எண்ணுகிறவர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. பஞ்சம் மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது.

கோசாராவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஸ்லாவா. குடும்பத்துப் புனிதரின் நாள். அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது, வீட்டுக்கு ஒரு புனிதர், வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்கு யாரையும் வாருங்கள் என்று அழைப்பதில்லை, வந்த யாரையும் போ என்று சொல்வதுமில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்கள் வருவார்கள், போவார்கள், எவன் கண்ணுக்கும் அது தப்பாகப் படாது.

அவர்கள் வீட்டு ஸ்லாவா புனித நிக்கோலாவுடையது. அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அண்ணன் சிரேத்தனின் கால் ஒரு மாதம் காத்திருக்குமா? முழங்காலுக்கு மேலே வீங்கி, தொட்டால் கொதித்தது. அவன் ஜுரத்தில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவும் அப்பாவும் போன வருஷம் ஏப்ரல் குண்டுவீச்சில் வீட்டோடு போனவர்கள். ஜெர்மன்காரர்களின் பெட்ரோல் கிடங்குக்குத் தீ வைக்கப் போனவன், தீயையும் வைத்துவிட்டு, வேலி தாண்டும்போது குண்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இருபத்து மூன்று வயது. கோசாராவுக்கு அவனைவிட்டால் உலகத்தில் வேறு ஆளில்லை.

நாள்காட்டியில் நெருங்கி வந்த பெரிய நாள் அதிதூதர் மிக்கேலுடையது, இருபத்தோராம் தேதி. நகரத்தில் பாதி வீடு அதைக் கொண்டாடும், தெருவெல்லாம் விருந்தாளி நடமாட்டம் இருக்கும். இந்த முற்றத்துக்கு அவள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அண்ணன் இருட்டிய பிறகுதான் வந்துபோவான், இவர்கள் வீட்டுப் புனிதர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஆக, மிக்கேல்தான் என்று கோசாரா முடிவு கட்டினாள்.

அம்மாவின் கம்பளிச் சால்வையைக் கொடுத்து இரண்டு கை கோதுமை வாங்கினாள். நிஜக் கோதுமை! அந்த வருஷத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? அம்மா நிக்கோலா நாளுக்குச் செய்வது போலவே அவித்து, அரைத்து, இருந்த ஒரு சிட்டிகை சர்க்கரையைத் தூவி, நான்கே நான்கு வால்நட் பருப்பைச் சிலுவையாக வைத்தாள். சோளமாவில் ஸ்லாவா ரொட்டி சுட்டாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். அண்ணன் படுத்திருந்த உள்ளறைக் கதவை மறைத்து அலமாரியை இழுத்துப் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டாள். பாவி, எல்லாம் சரியாக இருந்தது, அந்தக் கோதுமையைத் தவிர.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு பெர்சிதா. குமாஸ்தா ஒருவரின் மனைவி, ஐம்பது வயது, நல்ல மனசு, அடைக்காத வாய்.

"ஸ்லாவா வாழ்த்து, பொண்ணே! அட, நீங்களும் மிக்கேல் வீடா? சொல்லவே இல்லையே! நானே காலையிலேருந்து நாலு வீடு சுத்திட்டேன், காலெல்லாம் விட்டுப்போச்சு."

"உக்காருங்க அக்கா. ஒரு வாய் எடுத்துக்குங்க."

கோசாரா கோதுமைக் கிண்ணத்தையும் கரண்டியையும் நீட்டினாள். பெர்சிதா கிண்ணத்தைப் பார்த்தாள். கோசாராவைப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டு, மெதுவாக மென்றாள். அந்த வாய் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே ஒரு அதிசயம் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். கோசாராவின் காதெல்லாம் அலமாரிக்குப் பின்னால் இருந்தது, அவளுக்குத் தோன்றவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள் பெர்சிதா. "சர்க்கரைகூடப் போட்டிருக்கே. சரிம்மா, எங்க சொந்தக்காரன் ததியா வீடு ஒண்ணு பாக்கி இருக்கு. அவனும் மிக்கேல்தான். போகலேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான்."

அவள் போன பிறகு பதினோரு மணிக்குக் குண்டை எடுக்க ஒப்ராத் வந்தான். மருத்துவம் நான்காம் ஆண்டு படித்தவன். பல்கலைக்கழகத்தை மூடியதோடு படிப்பும் நின்றது. கையில் விருந்தாளிக்கு அழகாக ஒரு ஆப்பிள், கோட்டின் உள்பையில் தண்ணீரில் கொதிக்க வைத்த கத்தியும் இடுக்கியும். மயக்க மருந்து இல்லை. சாராயம் இருந்தது, கடித்துக்கொள்ள அப்பாவின் பெல்ட் இருந்தது.

சிரேத்தனின் காலைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இன்னைக்கு எடுக்கலேன்னா நாளைக்கு எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது" என்றான். "நான் வெட்ட ஆரம்பிச்சுட்டா நடுவுல நிறுத்த முடியாது, கோசாரா. தையல் போடாம அவனை அசைச்சா ரத்தமெல்லாம் போயிடும். ஒரு மணி நேரம். எனக்கு அதை மட்டும் வாங்கிக் குடு."

"வாங்கித் தரேன். ஆரம்பி."

ஒரு மணிக்கு நிலக்கரி வண்டி பின்வாசலுக்கு வரும். சாக்குகளுக்கு அடியில் சிரேத்தனைப் படுக்க வைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் தையல் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒப்ராத் உள்ளே போனதும் அலமாரியைப் பழையபடி தள்ளிவிட்டு நிமிர்ந்தால், யாகோதா வந்து நிற்கிறாள். பதினேழு வயது. கட்டுத்துணியும் அயோடினும் அவள் பொறுப்பு, அரை மணி தாமதம். எங்கே போனாலும் அவள் வாய் முதலில் நுழையும், ஆள் பின்னால் வருவாள். யாகோதா என்பது அவள் பெயர் அல்ல. ஜெர்மன்காரர்களை எதிர்க்கும் ரகசிய இயக்கத்தில் ஒருவருக்கு மற்றவரின் நிஜப் பெயர் தெரியக் கூடாது. பிடிபட்டு அடிவாங்கும்போது, தெரியாததைச் சொல்ல முடியாது பாருங்கள், அதற்காக.

"ரோந்து நிக்குது அக்கா, மூணு தெரு சுத்தி வரேன். என்னைத் திட்டாதே, காலு பிஞ்சு போச்சு." துணிச்சுருளை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். கோசாரா அதை அலமாரி இடுக்கு வழியே உள்ளே நீட்டினாள். திரும்பினால் யாகோதா மேஜையருகில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்னடி?"

"யாருக்குக் கருமாதி அக்கா?"

"என்ன உளர்றே?"

"கோதுமை வச்சிருக்கியே! இன்னைக்கு மிக்கேல் நாளு. அவரு சாகாதவரு, இருக்கிறவரு. அவருக்குப் போய் யாராவது கோதுமை அவிப்பாங்களா? செத்த புனிதருங்களுக்குத்தான் அவிப்பாங்க. எங்க வீட்ல மிக்கேலுக்கு வெறும் ரொட்டியும் மெழுகுவத்தியும்தான். பழப்பாகு குடுப்போம், தண்ணி குடுப்போம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது!"

எத்தனை மிக்கேல் வீடுகளில் விருந்து சாப்பிட்டிருக்கிறாள்! கொடுத்ததெல்லாம் நினைவிருக்கிறது, பன்றிக்கறி, முட்டைக்கோஸ் சுருட்டல், கேக். கொடுக்காத ஒன்றை யார் கவனித்தார்கள்? தன் வீட்டு வழக்கம்தான் ஊர் வழக்கம் என்று நினைத்து வளர்ந்த முட்டாள்தனம்.

யாகோதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "யாராவது பாத்தாங்களா?"

"பெர்சிதா. சாப்பிட்டுட்டுப் போனா."

"எங்க போனா?"

"யாரோ ததியாவாம். சொந்தக்காரன். அவனும் மிக்கேல் வீடாம்."

யாகோதா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "இந்தப் பேட்டையில ததியா ஒருத்தன்தான் அக்கா. சாதா உடுப்புப் போலீஸ். ஜெர்மன்காரனுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிறவன்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து அமுக்கப்பட்ட ஒரு சத்தம் வந்தது. ஒப்ராத் வெட்ட ஆரம்பித்துவிட்டான். கோசாரா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

"கோதுமையைக் கொட்டிடலாமா?" என்றாள் கோசாரா.

"கொட்டினா இன்னும் மோசம். பாத்தவ இருக்காளே. கோதுமை எங்கேன்னு கேப்பான்."

"ஐயோ, நானே என் அண்ணனைக் கொன்னுட்டேனே."

"அவரு இன்னும் சாகலை. ஒப்பாரி வைக்காதே. இப்பப் போய் ஒப்பாரி வச்சா..." யாகோதா சட்டென்று நிறுத்தினாள். "இரு. இரு அக்கா. வையி. ஒப்பாரியே வையி. இது கருமாதிக் கோதுமைதான். செத்தவங்களுக்கு வச்சது. அப்ப சரியாப் போச்சுல்ல?"

"அப்ப ரொட்டி? மெழுகுவத்தி?"

"ரொட்டி என்னோடது. நிஜமாவே இது என் ஸ்லாவாதானே?"

"ஏய்! வாயை மூடு! பேரையே சொல்லக் கூடாதுன்னு இருக்கு, நீ ஸ்லாவாவைச் சொல்றே."

"பேரைத்தானே கேக்கக் கூடாதுன்னாங்க" என்றாள் யாகோதா. "காலையில எந்திரிச்சதும் அழுகையா வந்துச்சு அக்கா. ரெண்டு வருஷமா எங்க வீட்டு ரொட்டியை நான் தொடலை. இங்க வந்து பாத்தா ரொட்டி இருக்கு, மெழுகுவத்தி எரியுது. உனக்குத் தெரியாம எனக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு."

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ததியா நல்ல சூட் போட்டிருந்தான். தன் வீட்டு விருந்து மேஜையிலிருந்து நேரே எழுந்து வந்தவன், மீசையில் சாராய வாடை. முற்றத்து வாசலில் இன்னொருவன் நின்றுகொண்டான். ததியா தொப்பியைக் கழற்றி, மெழுகுவர்த்திக்கு நேரே சிலுவை போட்டுக்கொண்டான். பழக்கம் விடுமா?

"ஸ்லாவா வாழ்த்து, வீட்டுக்காரம்மா."

"வாங்க. உக்காருங்க."

"உக்காரத்தான் வந்தேன். பெர்சிதா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா, நம்ம முற்றத்துல ஒரு பொண்ணு மிக்கேலுக்கே கருமாதி பண்ணிட்டான்னு. என் வீட்ல விருந்தாளிங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க." அவன் சிரிக்கவில்லை. "எனக்குச் சிரிப்பு வரலை. மிக்கேல் வீட்ல பொறந்தவ கோதுமை அவிக்க மாட்டா. மிக்கேல் வீட்ல பொறக்காதவ எதுக்கு மிக்கேலைக் கொண்டாடணும்? மூணு நாளைக்கு முன்னாடி ஒருத்தன் இந்தப் பக்கமா ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தான். அவனை நாங்க தேடிட்டிருக்கோம். நீ சொல்லும்மா, எனக்கு விளங்கலை."

கோசாரா கிண்ணத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் அவன் முன்னால் வைத்தாள்.

"இது மிக்கேலுக்கு இல்லைங்க. எங்க அண்ணனுக்கு. செத்து இன்னையோட ஆறு மாசம்."

சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது. நான்கு விரல் கனமுள்ள பலகைக்கு அப்பால் அவன் படுத்திருக்கிறான், பல்லில் பெல்ட்டோடு. கேட்டிருப்பானா?

"பேரு?"

"சிரேத்தன்."

"எப்படிச் செத்தான்?"

"சளி ஜுரம். போன வருஷம் ஏப்ரல்ல இடிபாட்டுக்குள்ள ரெண்டு நாள் கெடந்தவரு. அதுக்கப்புறம் நெஞ்சு சரியாகவே இல்லை." இப்போது அவள் நிஜமாகவே அழுதாள். அதற்கு நடிப்புத் தேவைப்படவில்லை.

ததியா கரண்டியை எடுத்தான், கோதுமையை வாயில் போட்டான், முறைப்படி சொன்னான்: "ஆண்டவர் சிரேத்தனோட ஆத்மாவை மன்னிக்கட்டும்."

"மன்னிக்கட்டும்" என்றாள் யாகோதா. "மன்னிக்கட்டும்" என்று கோசாராவும் சொன்னாள். என்ன கொடுமை இது, உயிரோடிருக்கிற அண்ணனுக்குத் தன் வாயாலேயே!

"சரி. இது கருமாதி" என்றான் ததியா. "அப்ப ரொட்டியும் வத்தியும் என்ன?"

"அது என்னோடதுங்க" என்றாள் யாகோதா. "நான் இவங்க வீட்ல அண்டியிருக்கேன். எங்க வீடு எரிஞ்சு போச்சு. மிக்கேல் எங்க வீட்டு ஸ்லாவா. ரொட்டி வெட்ட ஒரு மேஜை இல்லாம இருந்தேன், அக்காதான் இங்கேயே வச்சுக்கோன்னாங்க. ரெண்டும் ஒரே நாளா அமைஞ்சிருச்சு."

ததியா அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மிக்கேல் வீட்டுப் பொண்ணா? அப்ப ரொட்டி ஏன் இன்னும் வெட்டலை? மத்தியானம் ஆகப் போகுது."

"ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் புடிச்சுச் சுத்த ஒரு ஆம்பளை கை வேணுமே. இந்த வீட்ல ஆம்பளை ஏது?" யாகோதா அவன் முகத்துக்கு நேரே பார்த்தாள். "நீங்களும் மிக்கேல் வீடுதானே? நீங்க வந்தது நல்லதாப் போச்சு. மாட்டேன்னு சொல்லிடாதீங்க மாமா."

ததியா எழுந்துவிட்டான். அவன் ஆள் பிடிக்கிறவனாக இருக்கலாம், அடித்துக் கொல்கிறவனாக இருக்கலாம், மிக்கேல் நாளில் ரொட்டி சுற்றக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அவன் அப்பன் அவனை வளர்க்கவில்லை.

யாகோதா அவசரமே படவில்லை. முதலில் தூபம் வேண்டும் என்றாள், அடுப்பிலிருந்து கனல் எடுத்து நான்கு மூலைக்கும் காட்டினாள். பிறகு பரலோக ஜெபம், முதலிலிருந்து கடைசிவரை. ரொட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் சிலுவையாகக் கத்தி வைத்து, கீறலில் ஒயினைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது ஒயின்கூட இல்லை, வினிகரில் தண்ணீர் கலந்தது. கடிகாரம் பதினொன்று ஐம்பத்தைந்து காட்டியது. கோசாரா மனசுக்குள் ஒவ்வொரு நிமிஷத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். முதல் சுற்றில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல். யாகோதா உடனே பாட்டை எடுத்துவிட்டாள், மிக்கேலின் துதியை, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. அப்படியொரு கர்ண கொடூரமான குரல்! ஸ்வரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ததியாவும் கூடச் சேர்ந்து பாடினான், அவனுக்கு அடிக்குரல் நன்றாகவே இருந்தது. மூன்று சுற்று முடிந்து ரொட்டியை இரண்டாகப் பிட்டார்கள்.

"கிறிஸ்து நம் நடுவில்" என்றான் ததியா, ரொட்டியை முத்தமிட்டு.

"இருக்கிறார், இருப்பார்" என்றாள் யாகோதா, அவளும் முத்தமிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது யாரை ஏமாற்றவும் வந்த தண்ணீர் இல்லை.

ததியாவும் கொஞ்சம் கலங்கித்தான் போனான். ஒரு துண்டு ரொட்டியைத் தின்றான். தொப்பியை எடுத்துக்கொண்டான். போய்விடுவான், போய்விடுவான் என்று கோசாரா உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் வாசல்வரைக்கும் போனான். போனவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"இந்த அலமாரியை எப்ப இழுத்தீங்க?"

பலகைத் தரையில் இரண்டு புதுக் கீறல், வெள்ளையாக. கோசாரா எல்லாவற்றையும் துடைத்தாள், அதை எப்படித் துடைப்பாள்?

"பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. ஈரச் சுவரு. குளிர் வருதுன்னு..."

"நீ தள்ளு, பாப்போம்."

தையல் முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. முடிந்திருந்தால் ஒப்ராத் மூன்று தடவை தட்டுவதாகப் பேச்சு. கோசாரா அலமாரியின் முன்னால் போய் நின்றாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் அலமாரியை மறைத்து நின்றால் போலீஸ் போய்விடுமா? ததியாவின் கை கோட்டுக்குள் போனது.

யாகோதா அவளைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அதில் பயம் இருந்தது, ஐயோ எவ்வளவு பயம்! பதினேழு வயசு முகமா அது, பத்து வயசுக் குழந்தை முகம். பிறகு யாகோதா தன் கோட்டின் உள்பையிலிருந்து, தெருவில் போட வைத்திருந்த ஜெர்மன் எதிர்ப்புத் துண்டுப் பிரசுரக் கத்தையை எடுத்து ததியாவின் மூஞ்சியில் விசிறியடித்தாள்.

"உன் விருந்தாளிங்களுக்குக் குடுடா, நாயே!"

காகிதம் அறை முழுக்கப் பறந்தது. அவள் கதவைத் தாண்டி ஓடினாள். முற்றத்து வாசலில் நின்றவனை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் பாய்ந்தாள். தேடிவந்த கூட்டத்து ஆள் கண்ணெதிரே ஓடினால் எந்தப் போலீஸ்காரன் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்? ததியா கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். முதல் துப்பாக்கிச் சத்தம் முற்றத்திலேயே கேட்டது, இரண்டாவது தெருவில், மூன்றாவது இன்னும் தூரத்தில். அவள் பின்வாசல் பக்கம் ஓடவில்லை, எதிர்ப்பக்கம் ஓடினாள், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்.

அலமாரிக்குப் பின்னால் மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது.

கோசாரா அலமாரியைத் தள்ளினாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. ஒப்ராத்தின் முழங்கைவரை ரத்தம். சிரேத்தன் விழித்திருந்தான், பெல்ட்டில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது.

"யாரு பாடினது?" என்றான் அவன்.

"பேசாதே."

"நான் செத்துட்டேன்னு சொன்னியே. கேட்டுச்சு."

"பேசாதேன்னு சொல்றேன்ல!"

வண்டிக்காகக் காத்திருக்க நேரமில்லை. ஒப்ராத்தும் அவளுமாக அவனைப் போர்வையில் சுருட்டி, பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு மூன்று முற்றம் தாண்டினார்கள். ஒரு தொழுவத்தில் அவனைக் கிடத்திவிட்டு, ஒப்ராத் போய் நிலக்கரி வண்டியை வழிமறித்துக் கூட்டிவந்தான். தெருமுனையில் கூட்டம் கூடியிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. கோசாரா அந்தப் பக்கம் இரண்டடி வைத்தாள். ஒப்ராத் அவள் கையைப் பிடித்து வண்டிக்குள் இழுத்துப் போட்டான். அதற்காக அவனை வெகுநாள் அவளால் மன்னிக்க முடியவில்லை. அவன் இழுக்காவிட்டால் தன்னை மன்னித்திருப்பாளா என்றால் அதுவும் இல்லை.

யாகோதாவுக்குத் தோளில் மட்டும்தான் அடி என்று பிறகு தெரிந்தது. உயிரோடு பிடித்திருந்தார்கள். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் கோசாரா ஒளிந்திருந்த வீட்டுக்கு ஒருவரும் தேடி வரவில்லை. ஒப்ராத்தின் அறைக்கும் வரவில்லை, நிலக்கரி வண்டிக்காரனிடமும் போகவில்லை. அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அது தெரிந்ததால் கோசாராவுக்குச் சோறு இறங்கவில்லை. டிசம்பரில் சுவரில் ஒட்டிய சுடப்பட்டவர்களின் பட்டியலில் முப்பத்தொன்றாவதாக ஸ்தானா இலிச், தையற்காரி என்று ஒரு பெயர் இருந்தது. யாகோதாவின் போலி அடையாள அட்டையில் இருந்த பெயர் அது. அந்தப் பெயரில் பிறந்தவள் என்று உலகத்தில் ஒருத்தியும் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து ஜெர்மன்காரர்கள் போனார்கள். தெருக்களில் இன்னும் கண்ணாடிச் சில்லு கிடந்தது. கோசாரா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். யாகோதாவைத் தெரியுமா? தெரியும், தைரியசாலி. அவ நிஜப் பேரு? தெரியாதே. எந்த ஊரு? தெரியாதே. அவளைக் கொண்டுவந்து சேர்த்தவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் அவளுக்கு முன்பே செத்துப்போனான். ரகசியத்தை அவ்வளவு நன்றாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள், பாழாய்ப்போனவர்கள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை இறந்தோர் நாள். ஊரே கோதுமைக் கிண்ணத்தோடு தேவாலயத்துக்குப் போகும். இயக்கத்தை நடத்திய கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள் என்று சிரேத்தன் சொன்னான். சுளிக்கட்டும் என்றாள் கோசாரா. சொன்னானே ஒழிய, அவனும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தான்.

வாசலில் பெர்சிதா நின்றிருந்தாள், தன் கிண்ணத்தோடு. கோசாராவைக் கண்டதும் அவளுக்கு உதடு துடித்தது.

"என் வாய்தாம்மா. என் நாசமாப்போன வாய்தான். அவன் எந்திரிச்சுப் போவான்னு நான் நினைக்கவே இல்லை. சும்மா சிரிக்கத்தான் சொன்னேன்."

"வாய் உங்களோடதுதான் அக்கா" என்றாள் கோசாரா. "கோதுமை என்னோடது." வேறென்ன சொல்ல? அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

பாதிரியார் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் தங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஞானஸ்நானப் பெயர்தான் வேண்டும், பட்டப்பெயர் ஆகாது. அந்த வருஷம் எல்லோருடைய பட்டியலும் நீளம். கோசாரா அப்பா பெயரைச் சொன்னாள், அம்மா பெயரைச் சொன்னாள்.

"இன்னும் யாரும்மா?"

கோசாரா கோதுமைக் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பின்னால் வரிசை நின்றது.

"பேரு சொல்லும்மா."

"தெரியாது சாமி."

"பேரு தெரியாம நான் என்னன்னு வேண்டிக்கிறது?"

"எனக்குத் தெரியாது சாமி!" கோசாரா கத்தியே விட்டாள். தேவாலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பேரைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, நான் கேக்கலை. எங்க அண்ணன் இதோ நிக்கிறான், அவளாலதான் நிக்கிறான். அவ அம்மா எங்கேயாவது உக்காந்து மகள் வருவா வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டிருப்பா, அவளுக்குப் போய்ச் சொல்ல எனக்கு ஒரு பேரு இல்லை. அவ ஸ்லாவா மட்டும்தான் எனக்குத் தெரியும். மிக்கேல் வீட்டுப் பொண்ணு. அவ்வளவுதான் தெரியும் எனக்கு."

பாதிரியார் பென்சிலை வைத்துவிட்டார். பிறகு கிண்ணத்தை வாங்கி மற்றக் கிண்ணங்களோடு வைத்தார், ஒன்றும் எழுதவில்லை.

பூசையில் பெயர்களை வாசிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோசாரா ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே நின்றாள், இவற்றில் ஏதாவது ஒன்று அவளுடைய பெயராக இருக்கக்கூடுமோ என்று. பட்டியல் முடிந்தது. பாதிரியார் தாளை மடித்தார். மடித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் சொன்னார்:

"மிக்கேல் வீட்டுப் பெண்ணையும், ஆண்டவரே. அவள் பெயர் உமக்குத் தெரியும்."

சிரேத்தன் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தைத்த காலோடு சிரமப்பட்டு மண்டி போட்டான். கிண்ணம் திரும்ப வந்தபோது முதல் கரண்டியைக் கோசாரா அவனிடம் கொடுத்தாள். அவன் வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு சாப்பிட்டான்.